எதிர்ப்பு சக்தியும் எயிட்ஸ் நோயும்

(பொதுக்கூட்டம் ஒன்றில் ஆற்றிய சொற்பொழிவு)



இன்று நான் பேச எடுத்துக் கொண்டது "எதிர்ப்பு சக்தி" என்கின்ற விஷயமாகும். இந்தச் சொல் நம் ஜனங்களிடையே இப்போது படாத பாடு படுகின்றது. கடைச் சுவரிலும், பஸ்ஸின் முதுகிலும், டெலிவிஷனிலும், கைபேசியிலும், எங்கு திரும்பினாலும் "எதிர்ப்பு சக்தி கூட்டும் லேகியம்", "எதிர்ப்பு சக்தி ஊட்டும் சூரணம்" என்பதாகவே விளம்பரங்கள். சளிக்கும் அதுதான் மருந்து. மூட்டு வலிக்கும் அதுதான் மருந்து. சளி என்பது லேகியம் தின்றாலும் ஒரு வாரத்தில் போகும், தின்னாவிட்டாலும் ஏழு நாளில் போகும். ஆகையால் அதில் நமக்கு நஷ்டம் கைக்காசு மாத்திரம்தான். ஆனால் இதே வியாபாரம் எச்.ஐ.வி. கிருமி தொற்றியவர்களிடத்திலும் நடக்கின்றது. அங்கு போவது காசு மாத்திரமல்ல, உயிரே போகின்றது. அதனால்தான் இதைப்பற்றிப் பேச வேண்டியிருக்கின்றது.

அந்த வியாபாரிகள் சொல்லும் நியாயம் என்ன? "எயிட்ஸ் என்பது எதிர்ப்பு சக்தி குறைந்து போகிற நோய். ஆகவே எதிர்ப்பு சக்தியைக் கூட்டினால் நோய் தீர்ந்துவிடும். எங்கள் மருந்து எதிர்ப்பு சக்தியைக் கூட்டுகிறது" என்கிறார்கள். கேட்பதற்கு மிகவும் நியாயமாகத்தான் இருக்கின்றது. பானையில் தண்ணீர் குறைந்தால் ஊற்ற வேண்டியதுதானே என்று எவனுக்கும் தோன்றும். ஆனால் தோழர்களே! பானையில் தண்ணீர் ஏன் குறைகிறது என்று முதலில் பார்க்க வேண்டாமா? அடியில் அடுப்பு எரிந்து கொண்டிருந்து, அதனால் தண்ணீர் சுண்டிப் போகிறதாக இருந்தால், இவன் "சக்தி" என்று சொல்லிக் கொண்டு வந்து போடுவது தண்ணீரா, விறகா என்று கேட்க வேண்டாமா? இந்த ஒரு கேள்விக்குப் பதில் சொல்லத்தான் நான் இங்கு வந்திருக்கிறேன்.

நான் வைத்தியன் அல்ல. காலேஜில் படித்தவனும் அல்ல. ஆராய்ச்சிக்காரர்கள் அச்சிட்டு வெளியிட்டிருப்பவற்றைக் கேட்டும் படித்தும் தெரிந்து கொண்டதையே சொல்லுகிறேன். ஆதலால் நான் சொல்வதை அப்படியே நம்பிவிடாமல், சர்க்கார் ஆஸ்பத்திரி டாக்டரிடம் கேட்டு ஒத்துப் பார்த்துக் கொள்ளுங்கள்.

முதலில் நோயின் வரலாற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1981-ம் வருஷம் ஜூன் மாதத்தில் அமெரிக்காவில் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரத்து வாலிபர்கள் ஐந்து பேருக்கு ஓர் அபூர்வமான நுரையீரல் ஜுரம் கண்டிருப்பதாக அறிக்கை வந்தது. 1983-ல் பாரிஸ் நகரத்துப் பாஸ்டர் நிலையத்தில் பிரான்ஸ்வாஸ் பாரே-சினூசி என்னும் அம்மையாரும், லூக் மோந்தாஞியே என்பவரும் அந்நோய்க்குக் காரணமான கிருமியைக் கண்டார்கள். அதற்காக 2008-ல் நோபல் பரிசு பெற்றார்கள். நம் நாட்டில் இது முதன்முதல் கண்டுபிடிக்கப்பட்டது நம் சென்னையில்தான். 1986-ல் சென்னை மருத்துவக் கல்லூரியில் டாக்டர் சுனிதி சாலமன் வழிகாட்ட, அப்போது மாணவியாக இருந்த டாக்டர் நிர்மலா அவர்கள் இரத்தம் சேகரித்துக் கொண்டு போய் வேலூரில் சோதித்ததில் அது வெளியாயிற்று. "நம் நாட்டுக்கு இந்த நோய் வராது, நாம் ஒழுக்கமுள்ளவர்கள்" என்று பெரிய மனிதர்கள் பேசிக் கொண்டிருந்த காலத்தில் இரண்டு பெண்கள் செய்த காரியம் அது என்பதை மறந்துவிடக் கூடாது.

இனி, கிருமி செய்வது என்ன என்று பார்ப்போம். நம் இரத்தத்திலுள்ள வெள்ளணுக்களில் சி.டி.4 என்று ஓர் இனம் உண்டு. மற்ற காவல் அணுக்களுக்கெல்லாம் உத்தரவு கொடுக்கும் தலையாரி என்று அதை வைத்துக் கொள்ளலாம். ஒரு கன மில்லிமீட்டர் இரத்தத்தில் அது சாதாரணமாக 500-க்கு மேல் இருக்கும். எச்.ஐ.வி. இந்த அணுவுக்குள் புகுந்துதான் தன் இனத்தைப் பெருக்கிக் கொள்ளுகிறது. வைத்தியம் செய்யாவிட்டால் இவ்வெண்ணிக்கை வருஷா வருஷம் குறைந்து, பெரும்பாலோருக்கு எட்டுப் பத்து வருஷத்தில் 200-க்குக் கீழே போய்விடும். அதற்குப் பிறகு காசநோய் முதலியவை தாராளமாய் நுழைகின்றன. அந்த நிலைக்குத்தான் எயிட்ஸ் என்று பெயர்.

ஆரம்பத்தில் எல்லோரும், கிருமி அணுவுக்குள் புகுகிறது, புகுந்த அணு சாகிறது, இப்படியே எல்லாம் தீர்ந்து போகிறது என்றுதான் கணக்குப் போட்டார்கள். ஆனால் கணக்கு உதைத்தது. எப்படியெனில், நோயாளியின் இரத்தத்தை எடுத்துப் பார்த்தால், உண்மையில் கிருமி உற்பத்தியாகிற சி.டி.4 அணுக்கள் நூற்றுக்கு ஒன்றுகூடத் தேறவில்லை. ஆனால் சாகிற அணுக்களோ ஏராளம். கொலைகாரன் நூறு வீட்டில் ஒரு வீட்டுக்குள்தான் நுழைந்தான். பிணம் தெருவெல்லாம் கிடக்கிறது. அப்படியானால் மற்றவர்களைக் கொன்றது யார்?

இதற்கு விடை குரங்குகளிடமிருந்து கிடைத்தது. மேற்கு ஆப்பிரிக்காவில் சூட்டி மாங்கபே என்று ஒரு ஜாதிக் குரங்கு உண்டு. எச்.ஐ.வி.க்கு உறவான ஒரு கிருமி அதனிடத்தில் வெகு காலமாகக் குடியிருக்கிறது. அதன் இரத்தத்தில் அந்தக் கிருமி இலட்சக்கணக்கில் திரிகிறது. ஆனால் அதற்கு எயிட்ஸ் வருவதில்லை; வந்தால் அது அபூர்வம். அதுபாட்டுக்குத் தின்று, குட்டி போட்டு, வயதாகிச் சாகிறது. ஆனால் அதே கிருமி ஆசியாவிலுள்ள ரீசஸ் குரங்குக்கு, அதாவது வட இந்தியாவில் ரயில் நிலையங்களிலெல்லாம் திரிகிறதே அந்தக் குரங்குக்கு, ஏறினால் அது ஓரிரு வருஷத்தில் எயிட்ஸ் கண்டு செத்துப் போகிறது. கிருமி ஒன்றுதான், அளவும் ஏறக்குறைய ஒன்றுதான். ஒன்று வாழ்கிறது, ஒன்று சாகிறது. நோய் என்பது பாவ புண்ணியத்தின் பலன் என்று சொல்லுகிற பண்டிதர்களைக் கேட்கிறேன்: மாங்கபே செய்த புண்ணியம் என்ன? ரீசஸ் செய்த பாவம் என்ன?

வித்தியாசம் எங்கே இருந்ததென்றால், உடம்பு கிருமியை எதிர்த்து எழுந்த விதத்தில் இருந்தது. இரண்டு குரங்கின் உடம்பிலும் முதல் சில வாரங்களில் காவல் படை கிளர்ந்தெழுகிறது. மாங்கபேயின் உடம்பு சில வாரங்களுக்குள் தணிந்து அடங்கிவிடுகிறது. ரீசஸின் உடம்பு அடங்குவதே இல்லை. மாங்கபேயின் முக்கியமான சில அணுக்களுக்குள் கிருமி அதிகமாய்ப் புகுவதில்லை என்பது போன்ற வேறு காரணங்களும் உண்டு. ஆனாலும் ஓயாத கிளர்ச்சியே நோயை முன்னுக்குத் தள்ளுகிற பெரிய காரணங்களில் ஒன்று என்பது இதிலிருந்து விளங்கிற்று.

மனிதனிடத்திலும் அப்படியேதானா என்று கேட்கலாம். 1999-ல் லாஸ் ஏஞ்சல்ஸ் சர்வகலாசாலையைச் சேர்ந்த ஜானிஸ் ஜியார்ஜி என்னும் அம்மையாரும் அவர் கூட்டாளிகளும் ஒரு கணக்கு வெளியிட்டார்கள். கிளர்ச்சி கொண்ட வெள்ளணுக்களின் மேல் சி.டி.38 என்று ஓர் அடையாளம் அதிகமாகத் தோன்றும். முற்றிய நிலையிலுள்ள நோயாளிகளில் யார் எவ்வளவு காலம் பிழைத்திருப்பார்கள் என்பதைக் கிருமியின் எண்ணிக்கையை விட இந்த அடையாளமே நன்றாகக் காட்டிற்று என்பது அவர்கள் கண்ட முடிவு.

இது எப்படி நடக்கிறது என்பதை நம் ஊர்க் கதையாகவே சொல்லுகிறேன். ஒரு ஊரில் திருடன் வந்தால் என்ன செய்வோம்? எல்லோரும் தடியெடுத்துக் கொண்டு எழுந்து விரட்டுவோம். விரட்டிய பிறகு போய்ப் படுத்துக் கொண்டு, விடிந்தால் காட்டு வேலைக்குப் போவோம். சாதாரண ஜுரத்தில் உடம்பு செய்வது இதுதான். ஆனால் திருடன் ஊருக்குள்ளேயே ஒளிந்து கொண்டு, தினம் இரவு தலைகாட்டிக் கொண்டிருந்தால்? ஊர் தூங்காது. வேலை நடக்காது. இருட்டில் ஒருவரையொருவர் அடித்துக் கொள்வார்கள். இதிலே இன்னொரு விபரீதமும் இருக்கிறது. இந்தத் திருடனுக்கு விழித்திருப்பவன் வீடுதான் வசதி. எச்.ஐ.வி. நன்றாகப் பெருகுவது தூங்குகிற சி.டி.4 அணுவில் அல்ல, கிளர்ந்தெழுந்த அணுவில்தான். ஆகவே உடம்பு எழ எழக் கிருமி பெருகுகிறது. கிருமி பெருகப் பெருக உடம்பு எழுகிறது.

இன்னும் கேளுங்கள். நம் எதிர்ப்பு அணுக்களில் பெரும் பகுதி இருப்பது குடலில். கிருமி தொற்றிய சில வாரங்களுக்குள்ளாகவே குடலிலுள்ள சி.டி.4 அணுக்கள் பெரும்பாலும் அழிந்து, குடற்சுவரின் காவல் தளர்ந்துவிடுகிறது. அதனால் குடலுக்குள் அடங்கிக் கிடக்க வேண்டிய பாக்டீரியாக்களின் துணுக்குகள் இரத்தத்தில் கசிகின்றன. 2006-ல் அமெரிக்க ஆராய்ச்சிக்காரர்களான பிரெஞ்ச்லி, டூவெக் முதலியோர் இதை இரத்தத்தில் அளந்தே காட்டினார்கள். அதாவது வெளித் திருடன் உள்ளே வந்து, சாக்கடை மடையையும் உடைத்துவிட்டான். உடம்பு இரண்டுக்கும் சேர்த்துப் போராட வேண்டியதாகிறது.

பிறகு, சான்பிரான்சிஸ்கோ நகரத்து கிரீன் என்பவரின் ஆராய்ச்சிச்சாலையில் 2014-ல் வெளியிட்டதையும் சொல்ல வேண்டும். நெறிக்கட்டுத் திசுக்களில் சாகிற சி.டி.4 அணுக்களில் நூற்றுக்கு 95-க்கு மேற்பட்டவை, கிருமி முழுதாய்ப் பெருகிக் கொன்றவை அல்ல. கிருமி நுழைந்து, வேலையை முடிக்க முடியாமல் பாதியில் நின்ற அணுக்கள் அவை. அவ்வணுவே அபாயம் அபாயமென்று கூவித் தன் வீட்டுக்குத் தானே நெருப்பு வைத்துக் கொள்ளுகிறது. அந்த நெருப்பு பக்கத்து அணுக்களையும் கிளப்பி விடுகிறது. மேலும், கிளர்ச்சி வருஷக்கணக்கில் நீடித்தால் நெறிக்கட்டுகளில் தழும்பு விழுந்து, புது அணுக்கள் தங்கி வளர இடமும் குறைந்து போகிறது.

ஆகவே, நான் முதலில் கேட்ட கேள்விக்குப் பதில் கிடைத்துவிட்டது. பானையில் தண்ணீர் குறைவது அடுப்பு எரிவதனால். எயிட்ஸில் எதிர்ப்பு சக்தி அழிவது, அது ஓய்வில்லாமல் கொதித்துக் கொண்டிருப்பதனாலும்தான்.

நிற்க. "அப்படியிருந்தாலும் அணுக்களின் எண்ணிக்கையைக் கூட்டினால் நல்லதுதானே?" என்று ஒருவர் கேட்கலாம். கேட்கத்தான் வேண்டும். மேல்நாட்டு வைத்தியர்களும் கேட்டார்கள். கேட்டதோடு நில்லாமல் சோதித்தும் பார்த்தார்கள். இன்டர்லூக்கின்-2 என்று ஒரு பொருள். அதை ஊசி வழியாகச் செலுத்தினால் சி.டி.4 அணுக்கள் உண்மையாகவே கூடும். லேகியக்காரர் வாயால் சொல்லுவதை இது காரியத்தில் செய்து காட்டும். இரண்டு பெரிய சோதனைகள் நடந்து 2009-ல் முடிவு வெளிவந்தது. ஒன்றில் 4,111 பேர், மற்றொன்றில் 1,695 பேர். வழக்கமான கூட்டு மருந்தோடு பாதிப் பேருக்கு இந்த ஊசியும் போட்டார்கள். ஊசி போட்டவர்களுக்கு மற்றவர்களை விட சராசரி 159 அணுக்கள் ஒன்றிலும், 53 அணுக்கள் மற்றொன்றிலும் கூடின. பலன் என்ன? நோய் குறையவில்லை. சாவும் குறையவில்லை. காகிதத்தில் எண் ஏறிற்று. ஆளுக்கு ஒரு பிரயோஜனமும் இல்லை. உலகத்தில் சோதித்துப் பார்த்த உண்மையான "சக்தி ஊசி"யின் கதியே இது என்றால், சோதிக்காத லேகியத்தின் யோக்கியதையைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை.

"சரி, கிளர்ச்சிதான் கெடுதி என்றால், அதை அடக்க ஒரு மருந்து கொடுத்துவிடலாமே?" என்று இன்னொருவர் கேட்கலாம். இதுவும் நியாயமான கேள்விதான். இதையும் சோதித்தார்கள். ஹைட்ராக்சிகுளோரோகுயின் என்பது மலேரியாவுக்கும், மூட்டு வீக்கத்துக்கும் கொடுக்கப்படும் பழைய மாத்திரை. உடம்பின் அழற்சியைத் தணிக்கக் கூடியது. பிரிட்டனில், அப்போது எச்.ஐ.வி. மருந்து ஆரம்பிக்காதிருந்த 83 பேரைச் சேர்த்து, ஒரு பிரிவினருக்கு இந்த மாத்திரையும், மறு பிரிவினருக்கு மருந்தில்லாத வெறும் மாத்திரையும் 48 வாரம் கொடுத்தார்கள். யாருக்கு எது என்று முன்கூட்டித் தெரியாதபடி கொடுத்தார்கள். 2012-ல் முடிவு வெளிவந்தது. கிளர்ச்சி குறையவில்லை. அது மாத்திரமல்ல, மருந்து தின்றவர்களுக்கு இரத்தத்தில் கிருமி அதிகமாயிற்று, சி.டி.4 அணுக்களும் மற்றவர்களை விட அதிகமாகக் குறைந்தன.

தோழர்களே! இந்த இடத்தை நீங்கள் நன்றாகக் கவனிக்க வேண்டும். அந்த டாக்டர்களின் யோசனை கெட்ட யோசனை அல்ல. படித்தவர்கள், பல வருஷ ஆராய்ச்சியை ஆதாரமாகக் கொண்டு நினைத்தது. அப்படியிருந்தும் அது தவறாய்ப் போயிற்று. தவறாய்ப் போனதும் அவர்கள் என்ன செய்தார்கள்? மூடி மறைத்தார்களா? "நாங்கள் நினைத்தபடி நடக்கவில்லை, இந்த மருந்தினால் குணம் இல்லை" என்று உலகமறிய அச்சுப் போட்டு வெளியிட்டார்கள். ஒரு காரியம் கேட்க நியாயமாக இருப்பது வேறு, அது உண்மையாக இருப்பது வேறு. இரண்டையும் பிரித்துக் காட்டுவது சோதனை ஒன்றுதான். நம் ஊர்ச் சுவர்களில் விளம்பரம் ஒட்டுகிறவர்களில் யாராவது ஒருவர் இதுவரை "எங்கள் லேகியத்தைப் பாதிப் பேருக்குக் கொடுத்தும், பாதிப் பேருக்குக் கொடுக்காமலும் பார்த்தோம், பலிக்கவில்லை" என்று நோட்டீஸ் போட்டதுண்டா?

அப்படியானால் எதுதான் பலித்தது? அடுப்பிலிருந்து விறகை இழுத்ததுதான் பலித்தது. அதாவது கிருமியின் பெருக்கத்தை நிறுத்துகிற கூட்டு மருந்து. 1996 முதல் இது வழக்கத்துக்கு வந்து, சாவு நோயாக இருந்ததை நீண்ட நாள் வாழக்கூடிய நோயாக மாற்றிற்று. நம் நாட்டில் 2004 ஏப்ரல் முதல் சர்க்கார் ஆஸ்பத்திரிகளில் இலவசமாய்க் கொடுக்கத் தொடங்கினார்கள். தாம்பரம் ஆஸ்பத்திரி அதில் முன் நின்ற இடங்களில் ஒன்று.

இந்த மருந்தை நடுவில் நிறுத்தினால் என்ன ஆகும்? "மாத்திரைக்கும் பக்கக் கெடுதிகள் உண்டு, அணு எண்ணிக்கை நன்றாய் இருக்கும்போது நிறுத்தி, குறையும்போது மறுபடி கொடுத்தால் நல்லதல்லவா?" என்று எண்ணி, 33 நாடுகளில் 5,472 பேரை வைத்துச் சோதித்தார்கள். 2006-ல் அந்தச் சோதனையை அவசரமாக நிறுத்த வேண்டியதாயிற்று. ஏனெனில் விட்டு விட்டுத் தின்றவர்களுக்கு எயிட்ஸ் சம்பந்தமான நோயோ, சாவோ வருவது இரண்டரை மடங்குக்கு மேல் இருந்தது. அதிசயம் என்னவென்றால், மருந்தை நிறுத்தியதால் குறையும் என்று நினைத்த மாரடைப்பும், சிறுநீரக, ஈரல் கெடுதிகளும்கூட அதிகமாயின. கிருமி தலைதூக்கிய உடனே கிளர்ச்சியும் தலைதூக்கி, இரத்தக் குழாய்களையும் கெடுத்துவிடுகிறது என்பது அதிலிருந்து தெரிந்தது.

சீக்கிரம் ஆரம்பித்தால் என்ன ஆகும்? அதையும் 35 நாடுகளில் 4,685 பேரிடம் சோதித்து 2015-ல் வெளியிட்டார்கள். எண்ணிக்கை 500-க்கு மேல் இருக்கும்போதே மருந்து ஆரம்பித்தவர்களுக்கு, குறையட்டும் என்று காத்திருந்தவர்களை விடக் கடுமையான நோயும் சாவும் நூற்றுக்கு 57 பங்கு குறைவு. அதற்குப் பிறகுதான், எண்ணிக்கை எதுவானாலும் கண்டுபிடித்த உடனே மருந்து என்பது உலக விதியாயிற்று. நம் நாட்டிலும் 2017 முதல் அப்படியே.

இந்த மருந்து பூரண குணம் தருமா என்றால், தராது. அணுக்களுக்குள் தூங்குகிற கிருமியை அது எடுக்க முடியாது. நிறுத்தினால் பெரும்பாலோருக்குச் சில வாரங்களில் திரும்பிவிடும். புற்றுநோய்க்காக எலும்பு மஜ்ஜை மாற்றியபோது விரல்விட்டு எண்ணக் கூடிய சிலருக்கு எச்.ஐ.வி.யும் போயிற்று, ஆனால் அது உயிருக்கே அபாயமான வைத்தியம். ஆகவே "மூன்று மாதத்தில் பூரண குணம்" என்று எவன் சொன்னாலும், அவன் அறியாதவன் அல்லது பித்தலாட்டக்காரன். மருந்து ஒழுங்காய்த் தின்றாலும் சிறிதளவு கனல் அடியில் இருக்கத்தான் செய்கிறது. அதற்காகவும் ஆராய்ச்சி நடக்கிறது. இந்தியா உள்பட 12 நாடுகளில் 7,769 பேரிடம், கொழுப்பைக் குறைக்கும் பிடவாஸ்டாடின் என்ற மாத்திரையைச் சேர்த்துக் கொடுத்துப் பார்த்ததில், மாரடைப்பு முதலியவை நூற்றுக்கு 35 பங்கு குறைந்தன என்று 2023-ல் வெளியாயிற்று. புகை பிடிப்பதை விடுவதும், காசநோய் இருக்கிறதா என்று பார்த்துக் கொள்வதும் நம் கையிலேயே இருக்கிற காரியங்கள்.

எனக்குத் தெரிந்த தையல்காரர் ஒருவர் நான்கு வருஷம் ஒழுங்காய் மாத்திரை தின்று, நன்றாய் உழைத்துக் கொண்டிருந்தார். எவனோ சொன்னான் என்று மாத்திரையை நிறுத்திவிட்டு, வட்டிக்கு வாங்கி லேகியம் தின்றார். எட்டு மாதத்தில் காசநோயோடு ஆஸ்பத்திரியில் படுத்தார். அவர் முட்டாள் அல்ல. மாத்திரை வாங்கப் போகும்போது தெரிந்தவர் யாராவது பார்த்துவிடுவார்களே என்கிற வெட்கம் அவரைத் துரத்திற்று. வீட்டுக்கே வந்து இரகசியமாய்க் கொடுத்த லேகியக்காரன் அந்த வெட்கத்தைக் காசாக்கினான். அந்த வெட்கத்தை உண்டாக்கினது யார்? நாம்தான். ஆகையால் லேகியக்காரன் செய்த பாவத்தில் நமக்கும் பங்கு உண்டு.

ஆகவே தோழர்களே! செய்ய வேண்டியதைச் சொல்லி முடிக்கிறேன். சந்தேகம் இருப்பவர்கள் சர்க்கார் ஆஸ்பத்திரியில் உள்ள நம்பிக்கை மையத்தில் இலவசமாய்ச் சோதித்துக் கொள்ள வேண்டும். கிருமி இருந்தால் அன்றே கூட்டு மருந்துக்குப் பதிந்து கொண்டு, தினமும் தவறாமல் தின்ன வேண்டும். மருந்தினால் கிருமி அளவில் அகப்படாதபடி அடங்கியவரிடமிருந்து உடலுறவினால் துணைவருக்கு அது தொற்றுவதில்லை என்பது சோதனையில் கண்ட உண்மை. கர்ப்பிணிகள் மருந்து எடுத்துக் கொண்டால் குழந்தைக்குத் தொற்றுவது நூற்றுக்கு ஐந்துக்கும் குறைவாகிறது. கிருமி இருப்பதற்காக ஒருவரை வேலையை விட்டு நீக்குவதையும், அவர் சம்மதமில்லாமல் வெளியில் சொல்வதையும் 2017-ம் வருஷத்துச் சட்டம் தடுக்கிறது. அது 2018 செப்டம்பர் முதல் அமுலில் இருக்கிறது. தொட்டால், கூட உண்டால், பக்கத்தில் படுத்தால் ஒட்டாது. ஆதலால் ஒதுக்கி வைப்பதற்கு அறிவான காரணம் ஒன்றுகூட இல்லை.

இனிமேல் யாராவது உங்களிடம் "எதிர்ப்பு சக்தி" என்று டப்பாவை நீட்டினால், இரண்டு கேள்வி கேளுங்கள். "இதை எத்தனை பேரிடம் சோதித்தாய்? தின்னாதவர்களோடு ஒப்பிட்டுப் பார்த்தாயா?" பதில் சொன்னால் உட்கார வைத்துக் கேளுங்கள். சொல்லாவிட்டால் வழியனுப்பி விடுங்கள்.